பதினேழாவது கேள்வி

யார் வேலையையும் சட்டென்று நம்பிவிடும் பழக்கம் எனக்குக் கிடையாது. லிஃப்ட் ஆய்வாளருக்கு அந்தப் பழக்கம் இருந்தால் ஊரில் பாதிப் பேர் இந்நேரம் மாடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருப்பார்கள். பராமரிப்பு செய்கிறவர்கள், "குழியெல்லாம் இறங்கி சுத்தம் பண்ணிட்டோம் சார்" என்பார்கள். சொல்வதற்கென்ன, வாயா வலிக்கப்போகிறது? அதனால் நான் முன்கூட்டியே ஒரு காரியம் செய்வேன். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் அந்தக் குழியின் ஒரு மூலையில் பழைய பஸ் டிக்கெட்டைச் சொருகி வைத்துவிட்டு வருவேன். அடுத்த முறை போகும்போதும் டிக்கெட் அங்கேயே இருந்தால் ஆள் குழிக்குள் இறங்கவே இல்லை. கையும் களவுமாகப் பிடித்துவிடுவேன்.

இதற்குப் பொறி என்று பெயர் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரி வேறு பெயர் வைத்திருக்கிறாள், அதை இங்கே எழுத முடியாது. எந்தக் கட்டடத்தில் என்ன பொறி வைத்தேன் என்பதை ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வேன். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். இத்தனைக்கும் நான் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடி, ஐம்பத்து நான்கு படி. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை.

அக்காவுக்குக் காலணி செய்யும் தொழில். கடையில் அடுக்கி வைத்து விற்கும் காலணி இல்லை. ஒரு கால் குட்டையாக இருப்பவர்கள், பாதம் திரும்பியிருப்பவர்கள், சர்க்கரையால் விரல் போனவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளவெடுத்து, அச்சு செதுக்கி, தானே தைத்துக் கொடுப்பாள். வருஷத்துக்கு ஒரு தடவை, அடிப்பாகம் தேய்ந்ததும், எங்கெங்கிருந்தோ தேடிக்கொண்டு வருவார்கள். அக்கா செய்த காலணியைப் போட்டுக்கொண்டு முதல் நாலு அடி நடக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவளைப் பற்றி நான் பெருமையாகப் பேசுவது இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான்.

அவளுடைய பட்டறை இருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். நாலு தெரு தள்ளி, தரைத்தளமாகப் பார்த்து, புது இடம் பிடித்துவிட்டாள். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? பாதிப் பேருடைய போன் நம்பர் மாறிவிட்டது. கதவில் நோட்டீஸ் ஒட்டலாம் என்றால் கதவையே இடிக்கப்போகிறார்கள். ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் சீட்டில் அக்காவின் இணையதளப் பெயர் அச்சாகியிருந்தது. எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். அதில்தான் புது முகவரி வர வேண்டும்.

அந்தத் தளத்தின் வரலாறு கொஞ்சம் கேவலமானது. முதலில் செய்தவன் என் மச்சான், அதாவது என் வீட்டுக்காரியின் தம்பி. சிபாரிசு செய்தது நான். திறந்தால் ஒரு செருப்பு சுற்றும், பாட்டு வரும். "முகவரி எங்கப்பா?" என்று அக்கா கேட்டதற்கு, "செருப்பு சுத்தி முடிச்சதும் வரும்க்கா" என்றான். அது இன்றுவரை சுற்றி முடிக்கவில்லை. இரண்டாவதாக வந்தவர் வேறு யாருடைய தளத்திலிருந்தோ படங்களைச் சுட்டுப் போட்டார். ஊன்றுகோலோடு வருகிறவர்களுக்கு ஆறு அங்குல ஹீல்ஸ் காட்டிய ஒரே தளம் எங்களுடையதுதான்.

மூன்றாவதாக ஒரு பெண்ணை அமர்த்தினாள். எப்போதும் காதில் பெரிய ஹெட்போன், அதிகம் பேச்சில்லை. அக்காவே அவளை 'ஹெட்போன்' என்றுதான் சொல்வாள். வந்த மறுநாளே எனக்குப் போன் வந்தது.

"டேய், அந்தப் பொண்ணு நல்லா வேலை செய்யுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? தோலைக் கொண்டாந்தா தடவிப் பார்த்துச் சொல்வேன். இதைத் தடவவா முடியும்?"

"அதுக்கு நான் என்னக்கா பண்ண?"

"நீதான் ஊர்ல இருக்கிற எல்லார் வேலையிலயும் குத்தம் கண்டுபிடிக்கிறவனாச்சே. பாரு. பட்டறை மாத்துற வேலையில எனக்குத் தலை சொறியக்கூட நேரமில்ல. எழுத வேண்டியது, அந்தப் பொண்ணு கேக்கிறதுக்குப் பதில் சொல்றது, எல்லாம் உன் பொறுப்பு. நீ சரின்னு கையெழுத்துப் போட்டா அவளையே வெச்சுக்கறேன். இல்லேன்னா அனுப்பிடறேன்."

மச்சான் விஷயத்தில் போன மானத்தை மீட்க ஒரு வாய்ப்பு. விடுவேனா? லிஃப்ட் படிவத்தையே எடுத்து, கயிறு, கதவு, பிரேக் என்றிருந்த இடங்களைத் திருத்தி, முப்பத்தோரு கேள்விகளோடு ஒரு மதிப்பீட்டுப் படிவம் தயாரித்தேன். ஒரு ஸ்கேலையும் ரசமட்டக் குழாயையும் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

அவள் ஒரு தையல் மெஷின் மேஜையில் மடிக்கணினியை வைத்து வேலை செய்துகொண்டிருந்தாள். இரண்டே விரலால் தட்டினாள். அதற்கு முதல் வேலையாக இரண்டு மதிப்பெண் குறைத்தேன். திரையில் ஸ்கேலை வைத்து ஓரங்களை அளந்தேன். ரசமட்டத்தைத் திரைக்கு மேலே வைத்தேன். குமிழி இடது பக்கம் ஓடியது.

"கொஞ்சம் சாயுதேம்மா."

அவள் ஹெட்போனைக் கழற்றி, மேஜைக் காலுக்கு அடியில் ஒரு தோல் துண்டை மடித்து வைத்தாள். குமிழி நடுவுக்கு வந்தது. மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"எவ்வளவு பாரம் தாங்கும்?" என்றேன், விடாமல்.

கேலி என்று நினைப்பாள் என்று பார்த்தேன். யோசித்து, "ஒரே நேரத்தில ஐநூறு பேர் வந்தாலும் தாங்கும் சார்" என்றாள்.

வாயால் சொன்னால் போதுமா? அவள் சோதனைக்காகத் திறந்து வைத்திருந்த பக்கத்தை எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டு, சரியாக நாலு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன். சித்தப்பா மூன்று நிமிஷம் முன்னாடியே அமுக்கிவிட்டு, "என்னது ஒண்ணும் வெடிக்கலையே" என்று கேட்டார். நாலரைக்கு அந்தப் பெண்ணிடமிருந்து போன்.

"சார், அளவு எடுக்க பதினாலு பேர் புக் பண்ணியிருக்காங்க. கால்ல என்ன பிரச்சனைங்கிற இடத்தில பதிமூணு பேர் 'சும்மா'ன்னு எழுதியிருக்காங்க. ஒருத்தர் 'தம்பி சொன்னான்'னு எழுதியிருக்கார். எல்லாத்தையும் எடுத்துடவா?"

"எடுத்துடும்மா" என்றேன். பெரியப்பா மட்டும் தன்னுடையதை எடுக்க வேண்டாம் என்று பிறகு சொல்லிவிட்டார். அவருக்கு நிஜமாகவே குதிகால் வலியாம்.

ஆனால் இதெல்லாம் வெளி அளவுதான். ஒருவர் குழிக்குள் இறங்குகிறாரா இல்லையா என்பதற்குப் பொறிதான் சரியான சோதனை. தளத்தில் போட வேண்டிய விவரங்களை எழுதிக் கொடுக்கும் வேலையும் என்னுடையதுதானே! வேலை நேரம் காலை பத்து மணி முதல் காலை ஒன்பது மணி வரை என்று எழுதினேன். அக்காவின் போன் நம்பரில் கடைசி எண்ணை மாற்றினேன். 'எங்கள் தயாரிப்பு' என்ற இடத்தில் ஒரு ஜோடி படம் கொடுத்தேன், இரண்டுமே இடது கால். கண்மூடித்தனமாக அப்படியே போட்டுவிட்டால் ஆள் காலி.

நாலு நாள் கழித்து ஒரு பட்டியல் வந்தது. இருபத்திரண்டு கேள்விகள். பக்கத்தில் 'சரி' என்று டிக் அடிக்கக் கட்டம், அடியில் 'அனைத்தும் சரி' என்று ஒரு பொத்தான்.

முதல் கேள்வி: "கடை மூடிய பிறகுதான் திறக்கிறதா?" இரண்டாவது: "இந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். ஒரு பல் டாக்டர் எடுத்தார். மேடம் நம்பர் வேறுதானே?" மூன்றாவது: "படத்தில் இரண்டும் இடது காலணி. வேண்டுமென்றே போட்டதா?"

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், இன்னொரு பக்கம் எரிச்சல். மூன்றையும் பிடித்துவிட்டாளே! பரவாயில்லை, குழிக்குள் இறங்குகிற ஆள்தான். மூன்றையும் திருத்தி எழுதினேன். நாலாவது கேள்வி ஏதோ எழுத்தின் அளவைப் பற்றி. ஐந்தாவது ஏதோ நிறம். அதற்கு மேல் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. வைத்த பொறி மூன்று, பிடிபட்டது மூன்று, இன்னும் என்ன இருக்கிறது? 'அனைத்தும் சரி' பொத்தானை அமுக்கினேன். முப்பத்தொன்றுக்கு இருபத்தேழு மதிப்பெண் போட்டு, கையெழுத்தும் போட்டு, அக்காவிடம் கொடுத்தேன். "இந்தத் தடவை தைரியமா வெச்சுக்கோ" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தளம் திறந்தது. புதுப் பட்டறைக்கும் அன்றுதான் முதல் நாள். நான் லீவு போட்டிருந்தேன். பதினோரு மணி வாக்கில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் பெரியவர் ஒருவர். ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இடது காலணியின் அடிப்பாகம் வலதைவிட மூன்று விரற்கடை உயரம். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அக்கா கைவேலை.

"அம்மா இருக்காங்களா?" என்றார். "அடி தேஞ்சுபோச்சு. அளவு எடுக்கணும்."

"இங்கேயா? பட்டறை இங்க இல்லீங்களே."

"இங்கதான் போட்டிருக்கு தம்பி." போனை நீட்டினார்.

அழகான பெரிய எழுத்தில், நேர்க்கோட்டில், சாயாமல், என் வீட்டு முகவரி.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மற்ற மூன்று பொறிகளுக்கு முந்தின நாளே, முதல் பிரதி எழுதும்போது, புதுப் பட்டறை முகவரிக்குப் பதில் என் வீட்டு முகவரியை எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கு நோட்டு ஆபீஸ் பையில் இருந்தது, குறித்துக்கொள்ளவில்லை. மறுநாள் உட்கார்ந்து, முதலிலிருந்து தொடங்குவதாக நினைத்துக்கொண்டு, மூன்று வைத்திருக்கிறேன். நான் வைத்தது நாலு.

பெரியவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவராம். "ரெண்டாவது மாடியில பத்து நிமிஷம் உக்காந்துட்டுதான் வந்தேன்" என்றார், என்னமோ தப்பு தன்னுடையது போல. கீழே இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு படிக்கும் குட்டைக் காலை முதலில் வைத்து, பிறகு மற்றதை. "ஏறுறதுகூடப் பரவாயில்ல தம்பி, இறங்குறதுதான் உயிர் போகும்." ஐம்பத்து நான்கு படி. அத்தனை படிக்கும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டாக்ஸி பிடித்து அவரைப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். சாமான்களோடு அக்கா கூட்டிவந்திருந்த ஹெட்போன் அப்போதுதான் அந்தப் புது இடத்தில் மடிக்கணினியைத் திறந்துகொண்டிருந்தாள். அக்கா அவர் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள். நடந்ததை அவரே சொன்னார். நான் பக்கத்தில் கம்பம் மாதிரி நின்றேன்.

"மூணு மாடியா?" அக்காவின் குரல் கீழே போனது. அவள் கத்தினால் பயமில்லை, குரல் இறங்கினால்தான் பயம். ஹெட்போன் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, மத்ததெல்லாம் கெடக்கட்டும். முகவரி ஒண்ணுதானே நான் கேட்டேன்? அதுக்குத்தானே இந்த இணையதளமே? இந்த மனுஷன் காலுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

அந்தப் பெண் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். "ரெண்டு நிமிஷம் மேடம்" என்று சொல்லிவிட்டு அந்த இரண்டு விரலால் தட்டினாள். முகவரி மாறியது. தன் போனிலும் திறந்து பார்த்தாள், அக்காவின் போனிலும் பார்த்தாள், பெரியவரிடமும் வாங்கிப் பார்த்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"ஒன்பது மணியிலேருந்து முகவரிப் பக்கத்தைப் பதினோரு பேர் திறந்திருக்காங்க. இந்தப் பெரியவரையும் சேர்த்து அஞ்சு பேர் பேர் குடுத்து புக் பண்ணியிருக்காங்க. மத்த நாலு பேருக்கு இப்பவே போன் பண்ணிடறேன். பாக்கி ஆறு பேர் யாருன்னு தெரியல."

"பண்ணு. பண்ணிட்டு உன் சாமானை எடுத்து வெச்சுக்கோ. நாளையிலேருந்து வர வேண்டாம்." அக்கா என்னைப் பார்த்தாள். "நீயும்தானேடா பார்த்தே? எனக்குப் புரியாதுன்னுதானே உன்கிட்ட குடுத்தேன்?"

அந்தப் பெண்ணுடைய மடிக்கணினியில் அந்தப் பட்டியல் இருக்கிறது. எந்த நாள், எத்தனை மணிக்கு நான் 'அனைத்தும் சரி' அமுக்கினேன் என்பதுகூட இருக்கும். திரையை அக்கா பக்கம் திருப்பினால் போதும். அவள் திருப்பவில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, முதல் நம்பரை அழைத்து, "வணக்கம், கிளம்பிட்டீங்களா? கிளம்பாதீங்க" என்று பேச ஆரம்பித்துவிட்டாள். வேலை போகிறது என்று சொன்ன பிறகும்.

சும்மா இருந்திருந்தால் அன்று தப்பித்திருப்பேனோ என்னவோ. அப்படி ஒரு நினைப்பு வந்தது, மறைப்பானேன். ஆனால் பஸ் டிரைவர் தன் காலணியைக் கழற்றி, கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

"அக்கா, அவ தப்பு இல்ல. நான்தான் எழுதிக் குடுத்தேன். வேணும்னேதான் எழுதினேன்."

"வேணும்னேயா?"

"கண்டுபிடிக்கிறாளான்னு பாக்க... ஒரு சோதனை..."

அக்கா கையிலிருந்த அச்சுக்கட்டையை மேஜையில் வைத்தாள். வைத்தது நல்லது. "உன் லிஃப்ட் குழிக்குள்ள எதையாவது போட்டுட்டுப் போ. என் ஜனங்களை ஏன்டா தள்ளிவிட்டே?"

தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா அந்தப் பெண் பக்கம் திரும்பினாள், குரலில் இப்போது காரமில்லை. "அவன்தான் கிறுக்கன். நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா?"

"கேட்டேன் மேடம்." இப்போதுதான் திரையைத் திருப்பினாள். "பதினேழு."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள். "முகவரிக்கு நேரில் போய்ப் பார்த்தேன். குடியிருப்புக் கட்டடம். மூன்றாம் மாடி, ஐம்பத்து நான்கு படி, லிஃப்ட் இல்லை. வருகிறவர்கள் கால் சரியில்லாதவர்கள் ஆயிற்றே, எப்படி ஏறுவார்கள்? தயவுசெய்து இதை மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துச் சொல்லவும்."

பக்கத்தில், பச்சை நிறத்தில், என் டிக்.

"படிய எண்ணிட்டு வந்திருக்காங்க" என்றார் பஸ் டிரைவர், மரியாதையோடு. "நான் நாப்பதுக்கு மேல எண்ணல."

அக்கா சிரித்துவிட்டாள். கோபம் தணிந்து வந்த சிரிப்பு இல்லை, கோபம் உட்கார இடமில்லாமல் வந்த சிரிப்பு. அந்தப் பெண்ணிடம், "சாமானை எடுக்காதே, அப்படியே இருக்கட்டும். நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதேம்மா" என்றாள். என்னிடம், "நீ இங்க நிக்காதே. அந்த ஆறு பேர் எப்ப வருவாங்கன்னு தெரியாது. போய் உன் வீட்டுப் படிக்குக் கீழ நில்லு. ஒருத்தர்கூட முதல் படியில கால் வைக்கக் கூடாது" என்றாள்.

போய் நின்றேன். பன்னிரண்டரையிலிருந்து படிக்கட்டுக்குக் கீழே, குப்பைக் கூடைக்கும் மின்சார மீட்டர்களுக்கும் நடுவே. ஏறுகிற இறங்குகிற அத்தனை பேருடைய காலையும் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றதால், இரண்டாம் மாடிக்காரர் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துத் தானும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரி மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "சாப்பாட்டைக் கீழேயே கொண்டாரட்டுமா, வாட்ச்மேன் சார்?" என்று கேட்டாள். அதற்குள் அக்கா அவளுக்கும் சொல்லிவிட்டாள்.

மூன்று மணிக்குள் இரண்டு பேர் வந்தார்கள். ஊன்றுகோல் வைத்த அம்மா ஒருவர் என்னைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டுப் போனார். அடுத்து வந்த ஆள், "நல்ல வேளை சார், நீங்க இருந்தீங்க. தப்பா முகவரி போட்ட அந்த மடையன் மட்டும் கையில கெடைக்கட்டும்" என்றார். "கெடைச்சுட்டான் சார், நான்தான்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நான் பிடித்துக் கொடுத்த டாக்ஸியில் ஏறிக்கொண்டார்.

நாலு மணிக்கு அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு செய்தி.

"சார், நாலு பேருக்கும் சொல்லியாச்சு. யாரும் கிளம்பலை. ஒரே ஒரு கேள்வி. நீங்க வெச்சது மொத்தம் நாலுதானா?"

நாலுதான் என்று தட்டிவிட்டு, அனுப்பப் போன விரலை நிறுத்தினேன். இன்று காலை வரை மூன்றுதான் என்று சத்தியம் செய்திருப்பேனே! முதல் நாள் எழுதும்போது முகவரி மட்டுமா மாற்றினேன்? வீட்டில் எப்படிப் பாதத்தை அளப்பது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேனே, அதில்? காயத்தோடு இருப்பவர்கள் எதைச் செய்யக் கூடாது என்று ஒரு பக்கம் இருந்ததே, அதில்? எவ்வளவு யோசித்தும் பிடி கிடைக்கவில்லை. தட்டியதை அழித்தேன்.

"தெரியலம்மா. படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று அனுப்பினேன். வருகிறவர்கள் கண்ணில் படும்படி முதல் படியிலேயே உட்கார்ந்து, போனில் அக்காவின் இணையதளத்தைத் திறந்து, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். இருபத்தேழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்த அந்தத் தளத்தை நான் படிப்பது அதுதான் முதல் தடவை.